வரைந்தவர் பெயர், ஊதியவர் பெயர்: முரானோவுக்கு ஒரு பயணம்

முதல் நாள், மிலான்

காலை ஏழு மணிக்கு மிலானில் இறங்கினேன். அக்கா மகள் இங்கேதான் முதுகலை படிக்கிறாள். "மாமா, முதலில் கொஞ்சம் தூங்குங்கள்" என்றாள். தூக்கம் எங்கே வருகிறது! குளித்து, காப்பி குடித்து, பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம்.

எதற்கு வந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் மரச் சாமான்களுக்கு வரைபடம் போடுகிறவன். அப்பா தச்சர். நாற்பது வருடம் பிறர் வரைந்ததைத் தன் கையால் செய்து கொடுத்தார். அவர் செய்த ஒரு நாற்காலியின் அடியில்கூட அவர் பெயர் கிடையாது. வெனிஸுக்குப் பக்கத்துத் தீவான முரானோவில் 1950களில் செய்த கண்ணாடியைப் படங்களில் பார்த்துப் பார்த்துப் பத்து வருடமாக ஆசை வளர்த்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். உலையருகே நின்று அதை வாயால் ஊதிச் செய்தவர் யார்? அந்தக் கேள்வியோடு ஐந்து நாள் சுற்றப் போகிறேன்.

மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரெல்லி கோபுரம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஜியோ பொன்டி வரைந்து 1960இல் கட்டி முடிந்தது. 127 மீட்டர் உயரம், இரண்டு ஓரமும் கத்தியைப் போல ஒடுங்கும். அதே பொன்டிதான் கஸ்ஸீனா கம்பெனிக்கு 'சூப்பர்லெஜ்ஜேரா' நாற்காலியை வரைந்தார். அதை ஒரு கடை ஜன்னலில் பார்த்ததும் நின்றுவிட்டேன். எடை 1.7 கிலோதான். நாற்காலியின் கால்களை உருட்டாகவோ சதுரமாகவோ செய்யாமல் முக்கோணமாக இழைத்திருக்கிறார்கள். மரம் குறையக் குறைய இணைப்பு அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது தச்சு வேலை தெரிந்த யாருக்கும் புரியும். அதே மனிதர் முரானோவில் வெனினி என்ற கண்ணாடிக் கம்பெனிக்கு வண்ணப் பட்டைகள் போட்ட குப்பிகளும் வரைந்தார். கோபுரம், நாற்காலி, குப்பி, எல்லாம் ஒரே மேசையிலிருந்து வந்தன.

மதியம் இத்தாலியத் தொழில் வடிவமைப்புச் சங்கத்தின் ஏடிஐ டிசைன் மியூசியம். பழைய டிராம் பணிமனையை மாற்றி 2021இல் திறந்தார்கள். 'கொம்பாஸ்ஸோ தோரோ', அதாவது தங்கக் கவராயம் என்ற விருதின் வரலாறுதான் இங்கே காட்சி. பொன்டியின் யோசனையில், லா ரினாஷென்தே என்ற பெரிய கடை 1954இல் தொடங்கிய விருது அது. அந்த முதல் வருடம் பரிசு வாங்கியவற்றில் ஒன்று ஒலிவெத்தியின் 'லெத்தெரா 22' தட்டச்சு இயந்திரம். இன்னொன்று ஃப்ளாவியோ போலி என்பவர் வரைந்து முரானோவின் செகூஸோ உலையில் செய்த ஒரு கண்ணாடிக் குவளை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்த இயந்திரத்துக்கும் வாயால் ஊதிய குவளைக்கும் ஒரே பரிசு! இந்த நாட்டில் அன்று 'டிசைன்' என்றால் என்னவென்று நினைத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

இரண்டாம் நாள், வெனிஸ்

காலை ரயிலில் வெனிஸ். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேராகத் தண்ணீர். அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

முதலில் அக்காதெமியா ஓவியக் கூடம் போனோம். அங்கே பார்க்க ஆயிரம் இருக்கிறது. நான் தேடியது ஒன்றே ஒன்று. பாவ்லோ வெரோனேசே வரைந்த, கன்னி மரியாளிடம் தேவதூதன் சேதி சொல்லும் ஓவியம். அதில் ஒரு கண்ணாடிக் குவளை இருக்கிறது. உருண்டையான வயிறு, சின்னக் கழுத்து, மெல்லிய தோல். வேறு அலங்காரம் எதுவும் இல்லை.

இந்தக் குவளையிலிருந்துதான் நவீன முரானோ தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. 1921இல் மிலான் வழக்கறிஞர் பாவ்லோ வெனினியும், வெனிஸைச் சேர்ந்த பழம்பொருள் வியாபாரி ஜாக்கொமோ கப்பெல்லினும் கூட்டாக ஒரு கண்ணாடிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். இரண்டு பேருமே ஊதுகுழலைப் பிடித்து வளர்ந்தவர்கள் அல்ல. அப்போது முரானோவில் ஓடிக்கொண்டிருந்தது பூவும் கொடியும் டிராகனும் ஒட்டிய பழைய பாணி. இவர்கள் வித்தோரியோ த்ஸெக்கின் என்ற ஓவியரைக் கலை இயக்குநராக வைத்துக்கொண்டார்கள். அவர் அந்த ஓவியத்திலிருந்த குவளையை வெறும் கண்ணாடியாக, ஒட்டு எதுவும் இல்லாமல் ஊதச் சொன்னார். 'வெரோனேசே' என்ற பெயரில் வந்த அந்தக் குவளை இன்றுவரை வெனினியின் சின்னமாக இருக்கிறது. கூட்டு 1925இல் உடைந்தது. குவளை நிலைத்துவிட்டது.

அப்புறம் சான் மார்க்கோ சதுக்கம். எல்லாரும் தேவாலயத்தைப் பார்த்து நிற்கிறார்கள். நாங்கள் வடக்கு வளைவு நடைக்குள் நுழைந்து ஒரு பழைய கடைக்குப் போனோம். ஒலிவெத்தியின் காட்சிக் கூடம். 1957இல் கம்பெனித் தலைவர் அத்ரியானோ ஒலிவெத்தி இதை வடிவமைக்கும் வேலையைக் கார்லோ ஸ்கார்ப்பாவிடம் ஒப்படைத்தார். குறுகலான, நீளமான, வெளிச்சம் குறைந்த இடம். அதில் என்ன செய்திருக்கிறார் பாருங்கள்! வாசலில் கறுப்புப் பளிங்குத் தொட்டி. விளிம்பு வரை தண்ணீர். அதன்மேல் அல்பெர்த்தோ வியானியின் சிற்பம். நடுவில் படிக்கட்டு. ஒவ்வொரு கல் பலகையும் ஒவ்வொரு அளவில் விலகி நிற்கிறது, மிதக்கிறது போல. தரை முழுவதும் முரானோ கண்ணாடிச் சில்லுகள். சீராக அடுக்கவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு அடியில் தெரியும் கூழாங்கல் மாதிரி. ஒரு வாசலில் சிவப்பு, இன்னொரு பக்கம் நீலம், மஞ்சள்.

நான் முழங்காலிட்டு அந்தச் சில்லுகளைப் பார்த்தேன். காவலில் இருந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. இந்தத் தரையைப் போட ஸ்கார்ப்பாவுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டால், பதில் முரானோவில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் என்று உலகம் கொண்டாடும் இந்த மனிதர், அதற்கான உரிமத் தேர்வை எழுதவே இல்லை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அவர் பெரும்பாலும் நின்றது உலைக்குப் பக்கத்தில். நாளை அங்கே போகிறோம்.

மூன்றாம் நாள், முரானோ

காலையிலேயே ஒரு மனவருத்தம். தங்கிய இடத்தில் ஒருவர், முரானோவுக்கு இலவசப் படகு இருக்கிறது, உலையைச் சுற்றிக் காட்டுவார்கள் என்றார். ஏறிவிட்டோம். போய் இறங்கியதும் பத்து நிமிட வேடிக்கை, அதன்பின் ஒரு மணி நேரம் விற்பனை. வாங்காமல் வெளியே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்ணாடிக்காகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஃபொந்தமெந்தே நோவே துறையில் 4.1 அல்லது 4.2 படகுக்கு டிக்கெட் எடுங்கள். வழியில் சான் மிக்கேலே மயானத் தீவு, அடுத்தது முரானோ. கடையில் 'வெத்ரோ ஆர்த்திஸ்திக்கோ முரானோ' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1994இல் வெனெத்தோ மாகாணம் கொண்டுவந்த முத்திரை அது. அது இல்லாத பொம்மைகள் எங்கிருந்தும் வந்திருக்கலாம்.

உலைகள் இந்தத் தீவுக்கு வந்தது 1291இல். மர வீடுகள் நிறைந்த வெனிஸில் தீப்பிடிக்கும் என்ற பயத்தில், உலை வைத்திருப்பவர்கள் எல்லாரும் முரானோவுக்குப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அன்று வந்தவர்கள் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள். பரோவியேர் குடும்பம் அப்படித்தான். கண்ணாடி அருங்காட்சியகத்தில், 15ஆம் நூற்றாண்டின் கல்யாணக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கருநீலம், அதன்மேல் எனாமல் சித்திரம். பரோவியேர் கிண்ணம் என்றே பெயர். அதே குடும்பத்தில் வந்த எர்கொலே பரோவியேர்தான் இருபதாம் நூற்றாண்டில் புதிய வண்ணக் கலவைகளையும் தோற்றங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்தவர்.

ஆனால் அருங்காட்சியகத்தில் என்னைக் கட்டிப்போட்டது நப்போலியோனே மர்த்தினுத்ஸியின் வேலை. சிற்பி, இந்த அருங்காட்சியகத்துக்கே இயக்குநராக இருந்தவர். கண்ணாடி ஊதுகிறவர்களுக்குக் குமிழி என்றால் குறை. உள்ளே ஒரு குமிழி தெரிந்தால் அந்தத் துண்டு உடைத்துப் போட வேண்டியதுதான். மர்த்தினுத்ஸி 1928 வாக்கில் வெனினியில் செய்தது அதற்கு நேர் எதிர். உருகிய கண்ணாடியில் வாயு கிளப்பும் பொருளைப் போட்டு, குவளை முழுக்கக் குமிழியாகவே பொங்க வைத்தார். வெனிஸ் பேச்சுவழக்கில் குமிழிக்குப் 'புலெகா' என்று பெயர். அதனால் இதற்குப் 'புலெகோசோ'. ஒளி ஊடுருவாது, தோல் கரடுமுரடு. பச்சை நிறத்தில் பார்த்தால் கடலில் ஊறிய கல்தான்.

இதை ஸ்கார்ப்பா இன்னும் தூரம் கொண்டுபோனார். அவர் வெனினியில் இருந்தது 1932 முதல் 1947 வரை. 'கொரோசோ': பளபளப்பான மேற்பரப்பை அமிலம் அரித்து மங்கலாக்குவது. 'பத்தூத்தோ': ஆறிய குவளையைச் சாணைக் கல்லில் பிடித்து, உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுகள் போடுவது, தட்டிய செம்புக் குடம் மாதிரி தெரியும். சாணைக் கல் தடம் தெரியக்கூடாது என்றுதான் அதுவரை மெருகேற்றினார்கள். இவர் தடத்தையே மேற்பரப்பாக்கிவிட்டார். 'சொம்மெர்சோ': ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம், அதன்மேல் தெளிந்த கண்ணாடி, எல்லாம் சூடாக இருக்கும்போதே. பின்னால் ஃப்ளாவியோ போலிக்குப் பரிசு வாங்கித் தந்த குவளைக்கும் அடிப்படை இந்த முறைதான்.

வெளியே இருந்து வந்தவர்கள்தான் இதையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர், ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர். தொழிலில் பிறந்தவனுக்குக் குமிழியைக் குறையென்று கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். வெளியாள்தான் அதை அழகாகப் பார்க்க முடியும். ஆனால் அதைச் செய்து காட்டியது யார்? குமிழி சீராகப் பொங்கவேண்டும் என்றால், உருகல் எந்தச் சூட்டில் இருக்கவேண்டும், எவ்வளவு நேரம் சுழற்றவேண்டும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

மதியம் ஒரு சின்னப் பட்டறை. அக்கா மகளின் கல்லூரித் தோழி வழியாகக் கிடைத்த அறிமுகம். ஒரு மேஸ்திரி, உதவிக்கு ஒருவர், கையாளாக ஒரு பையன். இந்தக் குழுவுக்கே இங்கே 'பியாத்ஸா' என்று பெயர். மேஸ்திரி 'மாயெஸ்த்ரோ', உதவியாளர் 'செர்வெந்தே', பையன் 'கர்த்ஸோனே'. மேஸ்திரிக்கு அறுபது இருக்கும். பதினான்கு வயதில் தரை பெருக்க வந்தாராம். மணலும் சோடாவும் இரவு முழுக்க 1,400 டிகிரி அளவில் உருகும். காலையில் கொஞ்சம் சூடு குறைத்து வேலை ஆரம்பம். உலையை அணைப்பதில்லை. ஆகஸ்டில்தான் விடுமுறை. 2021லும் 2022லும் எரிவாயு விலை ஏறியபோது தீவில் பல உலைகள் அணைந்தன. அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, உலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நாங்கள் கேட்டதால் ஒரு 'ஃபத்ஸொலெத்தோ' செய்து காட்டினார். கைக்குட்டைக் குவளை. ஃபுல்வியோ பியாங்கோனி என்ற வரைகலைஞரும் பாவ்லோ வெனினியும் 1948, 1949 வாக்கில் கொண்டுவந்தது. வாசனைத் திரவியக் குப்பிகள் வரைவதற்காக முரானோ வந்த பியாங்கோனி, அப்படியே உலையோடு ஒட்டிக்கொண்டவர். இன்று ஐம்பதுகளின் முரானோ என்றாலே பலருக்கு இந்தக் குவளைதான் ஞாபகம் வரும். நடுவில் யாரோ பிடித்துத் தூக்கிப் போட்ட கைக்குட்டை, விழும் நேரத்தில் உறைந்த மாதிரி.

குழல் நுனியில் உருகல் வந்தது. தேன் எடுத்த கரண்டி போல. உருட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். இரும்புப் பலகையில் உருட்டல், ஊதல், மறுபடி உலை. பையன் ஈர மரக் கிண்ணத்தை நீட்டினான். அதில் சுழற்றியபோது ஆவி பறந்தது. அப்புறம் உருண்டையின் அடிப்பக்கத்தில் இன்னொரு இரும்புக் கம்பியை ஒட்டி, குழலைத் தட்டிப் பிரித்தார்கள். திறந்த வாயை மறுபடி சூட்டில் காட்டி, இடுக்கியால் அகட்டி, கம்பியை வேகமாகச் சுழற்றினார். கிண்ணம் தட்டாக விரிந்தது. அந்தக் கணத்தில் கம்பியை மேலே தூக்கித் தட்டைக் கீழே தொங்கவிட்டார். கண்ணாடி தானாகவே மடிந்து விழுந்தது! நான்கு மடிப்பு, ஐந்து மடிப்பு. எங்கே விழவேண்டும் என்று அவர் மணிக்கட்டை ஒரு நூல் அளவு அசைத்தார், அவ்வளவுதான். மூன்று நான்கு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நிமிர்த்தி வைத்தபோது மடிப்புகள் மேல்நோக்கி நின்றன. பையன் தடித்த கையுறையோடு வாங்கி ஆறவைக்கும் அடுப்புக்குள் வைத்தான். இரவெல்லாம் மெல்ல ஆறவேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும்.

"மாமா, இதை வரைய முடியுமா?" என்று அக்கா மகள் கேட்டாள். நான் வரைகிறவன். கைக்குட்டையை வரைந்துவிடலாம். அது விழுவதை வரைய முடியாது. பியாங்கோனி ஒரு ஆசையைக் கொண்டுவந்தார். விழவைத்தது இன்னொரு கை.

அந்தக் கை யாருடையது? மேஸ்திரி எங்களிடம் ஒரு பழைய குவளையின் அடியைக் காட்டினார். அமிலத்தால் பொறித்த மூன்று சின்ன வரிகள்: வெனினி, முரானோ, இத்தாலியா. சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியோடு தேடும் முத்திரை இது. அதில் மனிதப் பெயர் ஒன்றே ஒன்றுதான், அது முதலாளியுடையது. பிறகு அவரே ஒரு பெயர் சொன்னார், மரியாதையோடு, குரலைத் தாழ்த்தி: போபொலி. அர்த்தூரோ பியாசுத்தோ என்பது முழுப்பெயர். ஸ்கார்ப்பாவுக்கும் பியாங்கோனிக்கும் வெனினியில் ஊதிக் கொடுத்த மேஸ்திரி. முரானோவில் உலைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். அருங்காட்சியகச் சீட்டில் நான் பார்க்கவில்லை.

இன்றைக்கு இதற்குமேல் எழுத ஓடவில்லை.

நான்காம் நாள், சான் ஜோர்ஜோ தீவு

இரண்டாம் எண் படகில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே. இங்கே 'லே ஸ்தான்ஸே தெல் வெத்ரோ', கண்ணாடி அறைகள் என்ற கூடம் இருக்கிறது. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி, அதனால் மூடியிருந்தது. முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். 2012இல் இதைத் திறந்தபோது முதல் கண்காட்சியே ஸ்கார்ப்பா வெனினிக்குச் செய்தவைதான். முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள். அடுத்த வருடம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும் போயின. இத்தகைய கண்காட்சிகள் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1972இல் வெனினியில் தீப்பிடித்து, சேர்த்து வைத்திருந்த பொருள்களிலும் வரைபடங்களிலும் பெரும்பகுதி போய்விட்டது. மரம்போல எரியாத பொருளைச் செய்கிற இடத்தில், காகிதம் எரிந்துபோனது.

மாலை க்வெரீனி ஸ்தம்பாலியா மாளிகை. 1960களின் ஆரம்பத்தில் அதன் கீழ்த்தளத்தை ஸ்கார்ப்பா மாற்றியமைத்தார். வெனிஸில் எல்லாரும் வெள்ளத்தை வெளியே தடுக்கப் பார்ப்பார்கள். இவர் வாய்க்கால் தண்ணீரை உள்ளே வர விட்டு, ஓடும் பள்ளத்தைக் கல்லில் செதுக்கி, அதற்குமேல் நடைபாதையை உயர்த்தி வைத்தார். மறுபடியும் அதே மனம். குறையென்று எல்லாரும் சொல்வதை எடுத்து, அதற்கு ஒரு இடம் செய்து கொடுப்பது. கண்ணாடியில் பதினைந்து வருடம் நின்றதன் பாடம் கல்லுக்கும் வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். என் சொந்த எண்ணம்தான்.

ஐந்தாம் நாள், சான் வீத்தோ தல்த்திவோலே

ரயிலில் கஸ்தெல்ஃப்ராங்கோ வெனெத்தோ, அங்கிருந்து டாக்சி. சுற்றிலும் சோளக் காடு. கிராமத்து மயானத்தை ஒட்டி பிரியோன் குடும்பத்தின் சமாதி. பிரியோன்வேகா என்ற ரேடியோ, டிவி கம்பெனியை ஆரம்பித்த ஜுசெப்பே பிரியோன் 1968இல் இறந்தார். அவர் மனைவி ஒனோரீனா, ஸ்கார்ப்பாவை அழைத்து இதைக் கட்டச் சொன்னார். 2022இல் குடும்பம் இதை இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான எஃப்ஏஐக்குக் கொடுத்துவிட்டது.

நுழைந்ததும் சுவரில் இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று பின்னியவை. ஒன்றின் விளிம்பில் நீலச் சில்லு, மற்றதில் இளஞ்சிவப்பு. ஒலிவெத்தி கடைத் தரையைப் பார்த்த கண்ணுக்கு உடனே பிடிபட்டுவிடும். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் நோக்கிச் சாய்ந்த இரண்டு கல்லறைகள், மேலே கான்கிரீட் வளைவு. வளைவின் உள்பக்கத்திலும் மின்னும் சில்லுகள். அங்கே பேசத் தோன்றவில்லை. அக்கா மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், அவளாகவே கழற்றினாள்.

நான் தேடி வந்த பதில் பாதிதான் கிடைத்தது, ஆனால் கிடைத்த பாதி இங்கேதான். ஸ்கார்ப்பாவின் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு பட்டியலைத் தவறாமல் சொல்கிறார்கள். இரும்புக்கு ஜானோன். சுதை வேலைக்கு தெ லூயிஜி. மரத்துக்குக் கப்போவில்லாவும் அன்ஃபொதில்லோவும். பல வருடம் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். தச்சர்களின் பெயர்! உலைக்குப் பக்கத்தில் போபொலியோடு நின்று கற்றுக்கொண்டவர், பின்னால் தன் தச்சரையும் கொல்லரையும் விட்டுக்கொடுக்காமல் கூடவே வைத்துக்கொண்டார். ஒரு கதவின் பித்தளைப் பொருத்தையும் மரத்தையும் தடவிப் பார்த்தேன். இரண்டு மரம் சேரும் இடத்தை அவர் மறைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டிக் காட்டியிருக்கிறார். அப்பா இருந்திருந்தால் நகத்தை வைத்துப் பார்த்திருப்பார்.

ஸ்கார்ப்பா 1978இல் ஜப்பானின் செந்தாய் நகரத்தில், படிக்கட்டில் விழுந்து இறந்தார். அவரைக் கொண்டுவந்து இங்கேயே, பிரியோன் சமாதிக்கும் கிராமத்து மயானத்துக்கும் நடுவில் ஒரு மூலையில் புதைத்திருக்கிறார்கள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கல்லை வரைந்தவர் அவர் மகன் தோபியா; அவரும் இளம் வயதில் வெனினிக்குக் கண்ணாடி வரைந்தவர். கல்லில் அப்பாவின் பெயர் இருக்கிறது. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்சிக்காரர் ஹாரன் அடித்ததும் எழுந்து வந்தோம்.